மழைக்காலச் சக்கர அதிர்வும் பிரேக் மாறுபாடுகளும்

மழைக்காலச் சக்கர அதிர்வு என்பது மழையில் நனைந்த அல்லது சேற்றில் ஓடிய கார்களின் ஸ்டியரிங்கிலும் இருக்கையிலும் உணரப்படும் நடுக்கம் ஆகும். இதனுடன் பிரேக் பிடிப்பதில் தாமதம், ஒரு பக்கமாக இழுத்தல், உரசல் ஒலி போன்ற மாறுபாடுகளும் தோன்றுவதுண்டு. இவை அனைத்தும் ஒரே காரணத்தால் எழுவன அல்ல. பல, ஒருமுறை கழுவினாலோ சிறிது தூரம் ஓட்டினாலோ மறைந்துவிடும். சில உயிருக்கு ஆபத்தானவை. விருதுநகர் மாவட்டத்தின் மண்ணும் மழையும் இவ்வேறுபாட்டை விளக்க நல்ல எடுத்துக்காட்டாக அமைகின்றன.

நிலமும் மழையும்

விருதுநகர் மாவட்டம் 1985 ஆம் ஆண்டில் இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பிரித்து உருவாக்கப்பட்டது. இது மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதியில் உள்ளது. இங்குள்ள வறண்ட வானிலை சிவகாசியில் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்கள் வேரூன்றியதற்கு ஒரு காரணமாகும். மழையின் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றால் கிடைக்கிறது. எனவே ஆண்டின் பெரும்பகுதி உலர்ந்த சாலையில் ஓடும் வண்டிகள் சில வாரங்களுக்குள் திடீரென ஈரத்தை எதிர்கொள்கின்றன. தீபாவளிக்குப் பின் பட்டாசு ஆலைகள் பல சிறிது காலம் மூடப்படுவதால், வண்டிகள் ஓடாமல் மழையில் நிற்பதும் இக்காலத்தில்தான்.

சாத்தூர், விருதுநகர், அருப்புக்கோட்டை வட்டாரங்களில் கரிசல் மண் பரவலாகக் காணப்படுகிறது. இம்மண்ணிலுள்ள களிமண் கனிமங்கள் நீரை உறிஞ்சி வீங்கும். உலரும்போது சுருங்கி இறுகும். ஈரத்தில் பசைபோல ஒட்டும் கரிசல், வெயிலில் செங்கல்போல் கெட்டியாகிவிடும்.

சேற்றால் ஏற்படும் அதிர்வு

மண்பாதையில் ஓடிய காரின் ரிம்மின் உட்புறத்தில் சேறு அப்பிக்கொள்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் சக்கரம் சுத்தமாகவே தெரியும். வண்டி நிற்கும்போது ஈரச்சேறு கீழ்ப்பக்கமாக வழிந்து அங்கேயே காய்ந்துவிடுவதால், எடை ஒரு பக்கம் கூடுகிறது.

இதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். சுமார் 1.8 மீட்டர் சுற்றளவுள்ள சிறிய காரின் சக்கரம், மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் நொடிக்கு ஏறக்குறைய 12 முறை சுழலும். மையத்திலிருந்து 16 செ.மீ. தொலைவில் 50 கிராம் சேறு ஒட்டியிருந்தால், அது சக்கரத்தை வெளிநோக்கி இழுக்கும் விசை ஏறத்தாழ 48 நியூட்டன், அதாவது கிட்டத்தட்ட 5 கிலோ எடைக்குச் சமம். இவ்விசை வேகத்தின் இருமடிக்கேற்ப மாறுவதால் 40 கி.மீ. வேகத்தில் நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். ஊருக்குள் உணரப்படாத நடுக்கம் மதுரை - கன்னியாகுமரி நான்குவழிச் சாலையில் ஏறியதும் தோன்றுவது இதனால்தான்.

சேற்றைக் கழுவாமல் வீல் பேலன்சிங் செய்வது பயனற்றது மட்டுமன்று, தீங்கானதும்கூட. சேற்றின் எடைக்கு ஈடாக எதிர்ப்புறம் ஈயத்துண்டு பொருத்தப்படும். சில நாட்களில் சேறு பெயர்ந்து விழுந்ததும் அத்துண்டே புதிய அதிர்வை உண்டாக்கும். ரிம்மின் உட்புறத்தை நீரைப் பீய்ச்சிக் கழுவிய பின்னும் நடுக்கம் நீடித்தால் மட்டுமே பேலன்சிங் தேவை. நீர் நிறைந்த பள்ளத்தில் இறங்கி ரிம் வளைந்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்க்கலாம்.

நனைந்த பிரேக்

டிஸ்க் பிரேக்கில் தட்டு திறந்த நிலையில் உள்ளது. சுழலும்போது நீர் வெளியே வீசப்படும், எஞ்சிய நீர்ப்படலத்தை பேட் துடைத்துவிடும். ஆகவே முதல் மிதியில் மட்டும் சிறு தாமதம் தெரியும். பல சிறிய கார்களின் பின்சக்கரங்களில் உள்ள டிரம் பிரேக் அவ்வாறானதன்று. மூடிய டிரம்முக்குள் புகுந்த நீர் எளிதில் வெளியேறாது. ஒரு பக்க டிரம் முன்னதாகவும் மறுபக்க டிரம் பின்னதாகவும் உலர்ந்தால், பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

நீர் தேங்கிய தொடருந்துப் பாலச் சுரங்கப்பாதையைக் கடந்தவுடன் வேகமெடுப்பது ஆபத்தானது. பின்னால் வண்டி இல்லையெனப் பார்த்து, மெதுவாக ஓட்டியபடியே பிரேக்கைச் சிலமுறை இலேசாக மிதித்தால் உராய்வுச் சூட்டில் ஈரம் உலரும். பட்டாசுப் பெட்டிகள் ஏற்றிய சிறு சரக்கு வண்டிகளுக்கு இது இன்னும் முக்கியம்.

துரு

டிஸ்க் வார்ப்பிரும்பால் ஆனது. ஓரிரவு மழையில் நின்றாலே அதன்மேல் செம்மஞ்சள் துரு படரும். காலையில் கேட்கும் உரசல் ஒலி சில மிதிகளில் நின்றுவிடும், இதற்காகப் பழுதுபார்ப்பவரிடம் செல்ல வேண்டியதில்லை. வாரக்கணக்கில் நின்ற வண்டியின் நிலை வேறு. பேட் அழுத்தியிருந்த இடமும் திறந்திருந்த இடமும் வெவ்வேறாகத் துருப்பிடிப்பதால் தட்டின் தடிமன் சீரற்றுப் போகிறது. ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு வேறுபாடே பிரேக் மிதியில் துடிப்பை உண்டாக்கப் போதுமானது. "டிஸ்க் வளைந்துவிட்டது" என்று பொதுவாகச் சொல்லப்படுவது பெரும்பாலும் இந்தத் தடிமன் வேறுபாடுதான்.

ஈரத்தோடு கைபிரேக் போட்டு நிறுத்தினால் ஷூ, டிரம்முடன் துருவால் ஒட்டிக்கொள்ளலாம். சமதரையில் வண்டியைக் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் கொடுப்பது பழைய முறையாயினும் நல்ல முறையே.

பிரித்தறிதல்

பிரேக் பிடிக்காதபோதும் வேகத்தோடு கூடும் நடுக்கம் சக்கரச் சமநிலையைச் சார்ந்தது. பிரேக் பிடித்தால் மட்டும் வரும் நடுக்கம் டிஸ்க் அல்லது டிரம்மைச் சார்ந்தது. வழுக்கும் சாலையில் கடுமையாக மிதிக்கும்போது காலடியில் உணரப்படும் வேகமான துடிப்பு ஏபிஎஸ் இயங்குவதன் அறிகுறி. அஞ்சிக் காலை எடுத்துவிடக் கூடாது.

2023 டிசம்பர் 17, 18 ஆம் நாட்களில் தென்மாவட்டங்களில் பெய்த பெருமழை போன்ற வேளைகளில் சக்கரம் மூழ்கிய கார்களுக்குத் தனிக் கவனம் தேவை. பேரிங்குகளில் நீர் புகுந்தால் கிரீஸ் கெட்டு, சில வாரங்கள் கழித்தே உறுமல் ஒலி தொடங்கும்.

பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சுவது. இது ஒரு மழையில் நிகழ்வதன்று, ஆண்டுகளில் நிகழ்வது. டாட் 3 வகைத் திரவத்தின் கொதிநிலைக்கான குறைந்தபட்ச அளவு புதிதாக இருக்கையில் 205 °செ., ஈரம் ஏறியபின் 140 °செ. ஆகும். சமவெளியில் இவ்வேறுபாடு தெரியாது. செங்கோட்டை - ஆரியங்காவு மலைப்பாதை போன்ற நீண்ட இறக்கத்தில் திரவம் கொதித்து ஆவியானால், மிதி தரைவரை சென்றும் வண்டி நிற்காது.