குடியும் பதிவேடும்

படுவான்கரைக் கிராமமொன்றில் முதியவரிடம் அவர் யாரென வினவினால், ஊரையும் பெயரையும் சொல்லியதன் பின் தமது குடியைச் சொல்வார். குடி தாய்வழியாக வருவது. தாயின் குடியே பிள்ளையின் குடி. ஒரே குடியினர் தம்முள் மணம் செய்வதில்லை. தமிழரிடத்து மட்டுமன்றி இப்பகுதி முஸ்லிம்களிடத்தும் இவ்வமைப்பு உண்டு. கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் ஆலயம் போன்ற பெருங்கோயில்களில் திருவிழாவும் மரியாதையும் குடிமுறையிலேயே பங்கிடப்பட்டன. ஒருவர் இன்னாரென்பதற்கு ஊரே சான்றாக நின்றது. ஏடு வேண்டியிருக்கவில்லை.

இலங்கையில் பிறப்பு, இறப்புப் பதிவு 1867 ஆம் ஆண்டு தொடங்கியது. எனினும் மட்டக்களப்பைப் பொறுத்தவரை அதனினும் ஆழமான மாற்றத்தைக் கொணர்ந்தது 1876 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டமே என்பது என் கருத்து. அதுவரை இங்கு வழங்கிய முக்குவர் சட்டத்தின்படி முதுசொம் தாய்மாமனிடமிருந்து சகோதரியின் மக்களுக்குச் சென்றது. அச்சட்டத்தைக் கிறிஸ்தோபர் பிரிட்டோ நூலாக்கியதும் அதே ஆண்டில் என்பதை நினைக்க, அந்நூல் ஓர் இரங்கலுரைபோலத் தோன்றுகின்றது. புதிய சட்டத்தின்கீழ்க் கணவன், மனைவி, பிள்ளை என்ற உறவே உரிமைக்கு அடிப்படையாயிற்று. அவ்வுறவை நிறுவ விவாகப் பதிவும் பிறப்புப் பதிவும் வேண்டப்பட்டன. பிறப்புச் சான்றிதழில் தந்தையின் பெயருக்கு இடமுண்டு, குடிக்கு இடமில்லை. ஆயினும் வீட்டைப் பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுக்கும் வழக்கம் மறையவில்லை. ஆகவே தந்தைவழிப் பெயரைச் சுமந்த பத்திரங்களைத் தாய்வழி வீடுகளின் பெட்டகங்கள் காத்து வந்தன.

பெட்டகம் எத்துணைக் காலம் காக்கும்? 1978 நவம்பர்ச் சூறாவளி கூரைகளைக் கொண்டுபோயிற்று. 1990 இல் மக்கள் உடுத்த துணியோடு ஊரைவிட்டு ஓடினர். 2004 திசெம்பர் 26 இல் கடல் நாவலடியை அழித்தது. அவ்வனர்த்தத்தின்பின் கல்முனை மருத்துவமனையில் 81 ஆம் இலக்கத்துடன் அனுமதிக்கப்பட்ட கைக்குழந்தையை உலகம் அறியும். ஒன்பது தாய்மார் உரிமை கோரினரென்று செய்திகள் பரவின. நீதிமன்றத்தை நாடியதோ ஒரேயொரு தம்பதியர். மரபணுப் பரிசோதனையின் பின்னரே, 2005 பெப்ரவரியில், குழந்தை பெற்றோரிடம் கையளிக்கப்பட்டது. பெற்ற தாயின் சொல்லும் அயலாரின் சாட்சியமும் போதாதிருந்த நாள்கள் அவை.

அடையாள அட்டை 1972 முதல் வழங்கப்பட்டது. அதன் பழைய ஒன்பது இலக்கங்களுள் முதலிரண்டு பிறந்த ஆண்டையும், அடுத்த மூன்று அவ்வாண்டில் பிறந்த நாளின் வரிசையையும் குறித்தன. பெண்களாயின் அந்நாளுடன் 500 கூட்டப்பட்டது. ஆகவே பிறந்த திகதியில் நேர்ந்த எழுதுபிழை வெறும் எழுதுபிழையாக நிற்காது. அது இலக்கமாகி, வங்கிக்கும் பரீட்சைக்கும் ஓய்வூதியத்துக்கும் பின்தொடரும். போர்க்காலச் சோதனைச்சாவடிகளில் அட்டையில்லாதவர் பட்டதை இங்கு விரிக்க வேண்டியதில்லை. திருத்தம் வேண்டிப் படுவான்கரையார் வாவியைக் கடக்க வேண்டியிருந்தது. 2014 இல் பாலம் திறக்கப்படும்வரை மண்முனைத்துறையில் படகுப் பாதையே வழி. கோட்டையினுள் நெடுங்காலம் இயங்கிய கச்சேரியில் ஒரு கையொப்பம் பெற ஒருநாட் கூலி போய்விடும்.

கணவர் காணாமற்போன பெண்களின் நிலை வேறு. இறந்தாரெனப் பதியாவிடின் காணியும் வைப்புப் பணமும் அசையா. பதிவதோ மனம் ஒப்பாத செயல். 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம் இறப்புச் சான்றிதழை எளிதாக்கிற்று. இறந்தாரென்னாது, காணப்படவில்லை என்று மட்டும் கூறும் சான்றிதழ் 2016 இன் திருத்தத்தினாலேயே கிடைத்தது.

இத்தகைய வீடுகளின் வாயிலுக்கே போருக்குப்பின் நுண்கடன் வந்தது. பிணையாக உறுதி கேட்கவில்லை. அடையாள அட்டையின் பிரதியும் அயற்பெண்களின் கையொப்பமும் போதும். ஒருத்தி தவறினால் குழுவினர் கட்டவேண்டும். வட்டி பெருகவே, 2018 இல் வறட்சியுற்ற 12 மாவட்டங்களில் பெண்களின் ஓர் இலட்சம் ரூபாவுக்குட்பட்ட கடன்களை நீக்க அரசு முன்வந்தது; மட்டக்களப்பும் அவற்றுள் ஒன்று.

என் பெரியம்மாவுக்குப் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அட்டையில் வேறொரு பெயர். அவர் கொடுத்த பிரதியைக்கொண்டு குழுவில் ஒருத்தி இரண்டாங் கடன் பெற்றுவிட்டாள். கையொப்பம் தமதன்று என்று பெரியம்மா முறையிட்டபோது, கடன் கொடுத்தோர் இரு பெயரும் ஒருவருடையனவே என்று வாதித்தனர். அடுத்த கிழமை உதவிப்பணம் பற்றி அலுவலகமொன்றுக்குச் சென்றார். இரு பெயரும் ஒருவருடையனவென எங்ஙனம் நம்புவது என்று அங்கு கேட்டனர். கடன் கொடுத்தோரின் கடிதத்தையே சான்றாகக் காட்டலாமோ என்று பெரியம்மா என்னிடம் வினவினார். இருவரும் அதைத் தேடியெடுத்துப் பிரதி செய்தோம்.