எஞ்சினியர் கனவுக்கும் ஒரு வரலாறு இருக்கு

"உயர்தரத்தில என்ன பிரிவு?" எண்டு ஊரில் யாராவது கேட்டு, "ஆர்ட்ஸ்" எண்டு நாங்கள் சொன்னால் ஒரு சின்ன மௌனம் வரும். கலைப்பீடத்தில் படிக்கிற எங்களுக்கு அது பழகிவிட்டது. பிள்ளை டொக்டராக வேண்டும், இல்லையெண்டால் எஞ்சினியராக வேண்டும் என்பது எங்கள் வீடுகளில் ரத்தத்தில் ஊறிய ஆசை மாதிரித்தான் பேசப்படுகிறது. ஆனால் அந்த ஆசை வானத்திலிருந்து விழவில்லை. யாரோ ஒரு வழியைத் திறந்தார்கள், யாரோ கூட வந்தார்கள், சில இடங்களில் யாரோ கதவைச் சாத்தினார்கள். அந்தக் கதையைக் கொஞ்சம் பார்ப்போம்.

1893இல் மருதானையில் தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கப்பட்டது. தெருவும் ரெயில் பாதையும் போட்டுக்கொண்டிருந்த ஆங்கில ஆட்சிக்கு மேற்பார்வையாளர்களும் நில அளவையாளர்களும் தேவைப்பட்டார்கள். பெரிய கதிரைகள் பெரும்பாலும் வெள்ளைக்காரருக்கே. அந்தக் கல்லூரியில் படித்து, பொதுவேலைத் திணைக்களத்தில் மேற்பார்வையாளராகச் சேர்ந்தவர்தான் டி. ஜே. விமலசுரேந்திர. மலையகத்து ஆறுகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று 1918இல் இலங்கைப் பொறியியற் சங்கத்தில் ஆய்வுக் கட்டுரை வாசித்தார். அதைச் செய்விக்க 1931இல் அரசாங்க சபைக்குத் தேர்தலிலும் நின்று வென்றார். லக்சபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது 1950இல். நடுவில் 32 வருடங்கள்! மூளை இருந்தது, திட்டம் இருந்தது. கைகொடுக்க மேலே ஆள் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

அதே 1950இல்தான் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் பொறியியற்பீடம் கொழும்பில் ஆரம்பமானது. 1964இல் அது பேராதனைக்குப் போனது. பொறியியலாளர் பட்டத்துக்கு இங்கேயே ஒரு வாசல் கிடைத்தது. 1960இல் அந்த வாசலால் முதல் தடவையாக ஒரு பெண் உள்ளே போனார். பிரேமளா சிவப்பிரகாசபிள்ளை. 1964இல் பட்டம் பெற்று, இலங்கையின் முதல் பெண் பொறியியலாளர் ஆனார். அவருடைய தந்தையும் பொறியியலாளர். சாப்பாட்டு மேசையிலேயே அந்தத் தொழிலைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு "இது உனக்கும் ஏலும்" எண்டு தனியாகச் சொல்லத் தேவையில்லை. அப்படி ஒரு மேசை இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு யார் சொல்வது?

அந்த இடத்தில்தான் ஆசிரியர் வருகிறார். பேராசிரியர் அழகையா துரைராஜாவின் பெயரை எங்கள் தலைமுறையில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்? வடமராட்சியில் பிறந்து, ஹாட்லிக் கல்லூரியில் படித்து, இலங்கைப் பல்கலைக்கழகத்தில் குடிசார் பொறியியல் முடித்து கேம்பிரிட்ஜ் போனவர். களிமண் பாரத்தைத் தாங்கும்போது எப்படி அமுங்குகிறது, எப்போது நழுவுகிறது என்பதுதான் அங்கே ஆராயப்பட்ட கேள்வி. 1963இல் ரொஸ்கோ, ஸ்கோஃபீல்ட் ஆகியோருடன் சேர்ந்து அவர் வெளியிட்ட கட்டுரை, மண் பொறியியலில் 'கேம் களி' என்று அறியப்படுகிற கோட்பாட்டின் அடித்தளங்களில் ஒன்று. அந்தப் பெயரோடு அங்கேயே இருந்திருக்கலாம். திரும்பி வந்து பேராதனையில் படிப்பித்தார், பீடாதிபதியாகவும் இருந்தார். உலகம் மதிக்கிற ஆய்வைச் செய்த ஒருவர் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் சிங்களப் பிள்ளைகளுக்கும் முன்னால் கரும்பலகையில் நின்றார். வழிகாட்டல் எண்டு நாங்கள் சொல்வது இதைத்தான்.

ஆனால் அதற்கிடையில் கதவு சாத்தப்பட்டுக்கொண்டிருந்தது. 1970களின் தொடக்கத்தில் வந்த தரப்படுத்தல் பற்றி எல்லோருக்கும் தெரியும், எண்கள் மட்டும் பலருக்குத் தெரியாது. பேராதனைப் பொறியியலுக்கு 400 புள்ளிகளில் சிங்கள மொழிமூல மாணவருக்கு 227 போதும் என்றும் தமிழ் மொழிமூல மாணவருக்கு 250 வேண்டும் என்றும் வெட்டுப்புள்ளி வைக்கப்பட்டது. 1969-70இல் பொறியியலுக்குத் தெரிவானோரில் ஏறத்தாழ 48 வீதமாக இருந்த தமிழர் பங்கு 1974இல் 16 வீதமளவுக்கு இறங்கியது. இதன் கோபம் எங்கே போய் முடிந்தது என்பதை எங்கள் அப்பா அம்மாக்களின் வாழ்க்கையே சொல்லும்.

இதில் நாங்கள் அதிகம் பேசாத ஒரு பக்கமும் உண்டு. பிறகு வந்த மாவட்ட ஒதுக்கீட்டால் மன்னார், வவுனியா, மட்டக்களப்பு போன்ற வசதி குறைந்த மாவட்டங்களின் பிள்ளைகளுக்கு முன்பு இல்லாத இடம் கிடைத்தது. யாழ்ப்பாணத்தின் பெரிய பள்ளிக்கூடங்களுக்குள் கதவு எப்போதும் கொஞ்சம் திறந்தே இருந்தது. வெளியே நின்ற தமிழ்ப் பிள்ளைகளை அப்போது எத்தனை பேர் எண்ணிப் பார்த்தார்கள்? இனப் பாகுபாட்டைக் கண்டிக்கிற அதே வாயால் இதையும் கேட்கத்தான் வேண்டும்.

பிறகு யுத்தம். படித்தவர்களில் பலர் வெளிநாடு போனார்கள். மூத்தவர் இளையவரைக் கூட்டிக்கொண்டு போகிற அந்தத் தொடர்ச்சி அறுந்த இடத்தை ரியூசன் கொட்டில்கள் நிரப்பின. பழைய வினாத்தாள்களைச் செய்விக்க அவற்றால் முடிந்தது. ஒரு பாலம் ஏன் விழாமல் நிற்கிறது எண்டு கேட்கிற பிள்ளைக்கு அங்கே நேரம் இருக்கவில்லை. துரைராஜா 1988இல் யாழ். பல்கலைக்கழகத் துணைவேந்தரானார். எரிபொருள் தடைக் காலத்தில் சைக்கிளில் போய் வந்த துணைவேந்தர் எண்டே இன்றும் அவரை நினைவுகூர்கிறார்கள். 1994இல் மறையும்வரை அந்தப் பதவியில் இருந்தார். யாழ். பல்கலைக்கழகத்துக்கு என்று ஒரு பொறியியற்பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்கத் தொடங்கியது அதற்கு ஏறத்தாழ 20 வருடங்களுக்குப் பிறகுதான்.

இப்ப கதவு திறந்தாச்சுத்தானே எண்டு கேட்கலாம். நாட்டில் ஏறத்தாழ 10,000 அரச பாடசாலைகள் இருக்கின்றன. உயர்தரத்தில் விஞ்ஞான, கணிதப் பிரிவுகள் உள்ள 1ஏபி தரப் பாடசாலைகள் ஏறத்தாழ 1,000 மட்டும்தான். எங்கள் வகுப்பில் விரும்பிக் கலைப்பீடம் வந்தவர்கள் இருக்கிறார்கள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கணிதப் பிரிவு இல்லாததால் வந்தவர்களும் இருக்கிறார்கள். தோட்டத்துப் பள்ளிக்கூடங்களிலிருந்து வந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அவர்களில் சிலருக்கு அது 16 வயதிலேயே முடிந்துபோன கதை.

அதனால் பொறியியற்பீடத்தில் படிக்கிற நண்பர்களிடம் ஒன்று கேட்கிறோம். விடுமுறைக்கு வரும்போது உங்கள் பழைய பாடசாலையோடு நிற்காமல், பக்கத்தில் கணிதப் பிரிவு இல்லாத பாடசாலைக்கும் ஒருநாள் போங்கள். சாதாரணதரம் முடிந்த பிறகு போனால் பிந்திவிடும். 9ஆம், 10ஆம் ஆண்டுப் பிள்ளைகளிடம் போங்கள். மேடைப் பேச்சு வேண்டாம். பழுதான தண்ணீர்ப் பம்பைக் கழற்றிக் காட்டுங்கள், பிள்ளைகளையும் கழற்ற விடுங்கள், முக்கியமாகப் பெண்பிள்ளைகளை. எந்தப் பாடசாலைக்கு மாறினால் கணிதம் படிக்கலாம், விடுதி இருக்கா, பஸ் இருக்கா எண்ட விபரத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டு வாங்கள். கூட வர நாங்களும் தயார்.