விலையுயர்ந்ததே சரியான சிகிச்சையா?

புரோஸ்டேட் புற்றுநோய் எலும்புவரை பரவிவிட்டது என்று தெரிந்ததும், நிலத்தை விற்பதா, நகையை அடகு வைப்பதா என்ற கேள்விதான் பல குடும்பங்களில் முதலில் எழுகிறது. இந்நிலையில் நோயை முற்றிலும் குணப்படுத்துவது அரிது. ஆண்டுக்கணக்கில் கட்டுக்குள் வைத்திருப்பது பலருக்கு இயலும்.

ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனைக் குறைப்பதே சிகிச்சையின் அடித்தளம். 1941இல் இதன் பலனை நிறுவிய சார்லஸ் ஹக்கின்ஸ் 1966இல் நோபல் பரிசு பெற்றார். இதற்குக் குறிப்பிட்ட இடைவெளியில் ஊசி போடலாம். விதைகளை அகற்றும் சிறிய அறுவை சிகிச்சையும் செய்யலாம். நோயைக் கட்டுப்படுத்துவதில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. ஊசியின் செலவு தொடர்வது. அறுவையின் செலவு ஒருமுறையோடு முடிவது. அறுவையை மாற்றியமைக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால், ஆண்மை போய்விடும் என்று அதை மறுப்பவர்களுக்கு, ஊசியின் விளைவும் பெரும்பாலும் அதுவே என்று எடுத்துச் சொல்லப்படுவதில்லை.

அபிரடெரோன் போன்ற மாத்திரைகளை உடன் சேர்த்தால் ஆயுள் நீள்கிறது. அதன் ஜெனரிக் வகைகள் இந்தியாவில் கிடைக்கின்றன. நிறுவனத்துக்கு நிறுவனம் விலை வேறுபடுவதால், விசாரித்து வாங்குவதில் கூச்சம் வேண்டியதில்லை.

எலும்பு வலிக்கு, சிக்கலற்ற நிலையில், ஒரே தவணைக் கதிர்வீச்சு பல தவணைகளுக்கு ஈடாக நிவாரணம் தருகிறது. கால்கள் திடீரெனத் தளர்ந்தால் மட்டும் செலவுக் கணக்கெல்லாம் பிறகுதான். தண்டுவடம் அழுத்தப்பட்டிருக்கலாம், அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.