மேலாளரை அளக்கும் கோல்

ஓர் ஆட்டக் குழுவை நடத்துவோரின் திறனைக் கோப்பையைக் கொண்டு மட்டும் அளத்தல் முறையாகுமா? 1975-ஆம் ஆண்டு கோலாலம்பூரில் நடைபெற்ற உலகக் கோப்பை வளைகோற் பந்தாட்டம் இவ்வினாவிற்கு விடை பகர்கின்றது.

இந்தியக் குழுவின் மேலாளர், 1948, 1952, 1956 ஆகிய மூன்று ஒலிம்பிக் விழாக்களிலும் தங்கம் வென்ற பல்பீர் சிங். மலேசியக் குழுவின் பயிற்றுநர் ஹோ கோ சாய். அரையிறுதியில் மலேசியா 2-1 என முந்தி நின்றது. ஆட்டம் முடியுந் தறுவாயில், அதுகாறும் வெளியே அமர்ந்திருந்த அஸ்லாம் ஷேர் கானைப் பல்பீர் சிங் களத்தில் இறக்கினார். கிட்டிய பெனால்டி கார்னரை அவர் கோலாக்கினார். கூடுதல் நேரத்தில் இந்தியா 3-2 என வென்றது. இறுதியாட்டத்தில் பாகிஸ்தானையும் வென்று கோப்பையைக் கைப்பற்றியது. மேற்கு ஜெர்மனியிடமும் தோற்ற மலேசியா நான்காம் இடம் பெற்றது.

பல்பீர் சிங்கின் ஆளறியுந் திறன் போற்றற்குரியது. ஆயின், 1973-ஆம் ஆண்டுப் போட்டியில் இந்தியா பெற்றது இரண்டாம் இடம். மலேசியா பெற்றதோ பதினோராம் இடம். அப்போட்டியில் வாகை சூடிய நெதர்லாந்தை 2-1 என வீழ்த்தியே மலேசியா 1975-இல் அரையிறுதியை எட்டியது. தொடங்கிய இடத்தையும் சேர்த்து நோக்கின், ஹோ கோ சாயின் பணி எவ்வகையிலும் தாழ்ந்ததன்று.

எய்திய உயரத்தோடு ஏறிய படிகளையும் எண்ணுவதே நேரிய அளவுகோல். பாலோ போன்ற சிற்றூர்ப் பள்ளிகளில் மாணவரை உருவாக்கும் ஆசிரியர்க்கும் அதுவே பொருந்தும்.