பெரும் பள்ளத்தாக்கும் அதனைக் கண்ட கண்களும்

ஐக்கிய அமெரிக்காவின் தென்மேற்கிலுள்ள அரிசோனா மாநிலம் வெயிலுக்குப் பெயர்பெற்றது. எனினும் அதன் நிலத்தோற்றம் ஒரே தன்மையதன்று. தெற்கே நெடிய சாகுவாரோக் கள்ளிகள் நிற்கும் சொனோராப் பாலைவனம்; வடக்கே பைன் மரக் காடுகள் அடர்ந்த மேட்டுநிலம்; குளிர்காலத்திற் பனி மூடும் மலைமுடிகள். அம்மேட்டுநிலத்தைக் கொலறாடோ ஆறு அறுத்தமையால் உருவானதே கிராண்ட் கன்யன் என்னும் பெரும் பள்ளத்தாக்கு. ஏறத்தாழ 446 கிலோமீற்றர் நீளமான இதனைக் காண ஆண்டுதோறும் பல இலட்சம் உல்லாசப் பயணிகள் வருகின்றனர். ஆயின், வரலாற்றை நோக்குமிடத்து, இஃது எல்லாக் காலத்திலும் கண்டு களிக்கும் காட்சியாகக் கருதப்படவில்லை என்பது புலனாகும்.

1540ஆம் ஆண்டில், செல்வந் தேடிப் புறப்பட்ட கொறொனாடோவின் ஸ்பானியப் படையைச் சேர்ந்த கார்டெனாஸ் என்பவரின் குழு, ஹோபி மக்கள் வழிகாட்ட இதன் விளிம்பை அடைந்தது. ஆற்றுக்கு இறங்க முயன்றோர் இயலாது திரும்பினர். அவர்களுக்கு இது வழிமறித்த தடையே. 1858இல் இங்கு வந்த ஐவ்ஸ் என்னும் இராணுவ அதிகாரி, பயனற்ற இவ்விடத்திற்குத் தமக்குப் பின் வெள்ளையர் எவரும் வாரார் எனக் கருதினார். 1869இல் படகேறி ஆற்றுவழியே சென்ற ஜோன் வெஸ்லி போவெல்லோ, பாறை அடுக்குகளிற் புவியின் வரலாற்றைக் கண்டார்.

1901இல் புகையிரதப் பாதை தென்விளிம்பை எட்டியது. 1905இல் எல் தோவார் விடுதி திறக்கப்பட்டது. ஐவ்ஸ் பயனற்றதெனத் தள்ளிய பள்ளத்தாக்கு, இப்போது வருவாய் தரும் காட்சியாயிற்று. 1908இல் சனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ற் இதனைத் தேசிய நினைவுச்சின்னமாகப் பிரகடனம் செய்தார். 1919இல் இது தேசியப் பூங்காவாயிற்று. சுரங்கத் தொழிலினின்றும் இந்நிலத்தைக் காத்தமையில் இந்நடவடிக்கைகளுக்குப் பெரும் பங்குண்டு.

ஆயினும், இவ்வரலாற்றிற்கு மறுபக்கமும் உண்டு. ஹவாசுபாய் மக்கள் கோடையிற் பள்ளத்தாக்கினுட் பயிரிட்டும், குளிர்காலத்தில் மேட்டுநிலத்தில் வேட்டையாடியும் வாழ்ந்தவர்கள். 1882இல் அவர்களுக்கென ஒதுக்கப்பட்ட நிலம் 518 ஏக்கராகக் குறுக்கப்பட்டது. எஞ்சியது பிறருக்குரியதாயிற்று. வருவோர் வியந்து நின்ற விளிம்பிலே, அங்கேயே பிறந்தவர்கள் அந்நியராயினர். நெடுங்காலப் போராட்டத்தின் பின் 1975இல் இயற்றப்பட்ட சட்டத்தின் மூலம் ஏறத்தாழ 185,000 ஏக்கர் அவர்களுக்கு மீண்டது. 2022இல் பள்ளத்தாக்கினுள் அமைந்த அவர்களது பழைய பயிர்நிலத்திற்கு 'ஹவாசுபாய்த் தோட்டம்' எனப் பெயர் மாற்றவும் முடிவாயிற்று.

படைவீரன் தடையென்றான், அதிகாரி பயனற்றதென்றான், ஆய்வாளன் ஏடென்றான், வணிகன் பண்டமென்றான். அதனை வீடென்றவர்களின் குரலே இறுதியிற் செவிமடுக்கப்பட்டது. இயற்கையைப் பேணுதல் நன்று. அதனோடு வாழ்ந்தோரை விலக்கிப் பேணுதல் முழுமையான பேணுதலாகாது. அவ்விளிம்பில் நின்று பள்ளத்தாக்கின் ஆழத்தை வியப்போர், அம்மக்கள் நிலமிழந்திருந்த தொண்ணூற்று மூன்று ஆண்டுகளையும் ஒருகணம் எண்ணுதல் தகும்.