சித்தப்பாவின் கரண்ட் அக்கவுண்ட்டும் நூறு வருஷ பயமும்

எங்க ஊர் குளத்தூர். சென்னைக் குளத்தூர்னு நினைச்சுடாதீங்க, இது புதுக்கோட்டை மாவட்டம். எங்க ஊர் பேர்லயே தாலுகா உண்டு, தாலுகா ஆபீஸ் மட்டும் கீரனூர்ல :-)

அங்கே சித்தப்பா சிமெண்ட், கம்பி வியாபாரம் பண்றார். போன வாரம் போன் வந்தது.

"தம்பி, கரண்ட் அக்கவுண்ட்டை வேற பேங்க்குக்கு மாத்திடலாமான்னு பாக்குறேன். கேட்டா பதில் சொல்லாம காசு பிடிக்கிறாங்கப்பா."

"மாத்திடுங்க சித்தப்பா, இதுல என்ன இருக்கு?"

"இருபத்தஞ்சு வருஷக் கணக்குப்பா. பயமா இருக்கு."

மனுஷன் லாரி டிரைவர்கிட்ட நடுராத்திரி சண்டை போடுவார். பேங்க் மாத்த பயமாம்! சிரிச்சுட்டு போனை வச்சேன். அப்புறம் யோசிச்சா, பயத்துல நியாயம் இருக்கு. நம்ம ஊர்ல பேங்க்கை மாத்தினவங்களைவிட, காலுக்குக் கீழே பேங்க்கே மாறிப்போனவங்கதான் அதிகமோன்னு தோணுது.

1906 அக்டோபர் 22. சென்னையில அர்பத்நாட் கம்பெனி திவால். பென்ஷன்காரர், வக்கீல், வியாபாரின்னு ஆயிரக்கணக்கானவங்க போட்ட பணம் போச்சு. நடத்தின சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு 18 மாசம் கடுங்காவல். வெள்ளைக்காரன் கம்பெனின்னா பணம் பத்திரம்ங்கிற நம்பிக்கை உடைஞ்ச நாள் அது. அந்தக் கோபத்துல, வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னாடி நிக்க, 1907 ஆகஸ்ட் 15-ல இந்தியன் வங்கி வேலையை ஆரம்பிச்சது. ஊரே சேர்ந்து பேங்க் மாத்தின கதைன்னா எனக்குத் தெரிஞ்சு இதுதான்.

ஆனா சுதேசி வங்கின்னாலும் விழாதுன்னு இல்லையே. 1938-ல திருவிதாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் வங்கி கவிழ்ந்தது. 1960-ல பாலாய் சென்ட்ரல் வங்கி. அந்த அடிக்கு அப்புறம்தான் 1962-ல டெபாசிட் காப்பீடு வந்தது, அப்போ வரம்பு ஒரு வங்கியில ஒருத்தருக்கு 1,500 ரூபாய். 2020 பிப்ரவரியிலிருந்து 5 லட்சம். கரண்ட் அக்கவுண்ட்டும் இதுல சேர்த்தி.

அப்புறம் வந்தது இணைப்புக் காலம். தஞ்சாவூர் வங்கி 1990-ல இந்தியன் வங்கிக்குள்ள போச்சு. கருமுத்து தியாகராஜன் செட்டியார் 1943-ல மதுரையில ஆரம்பிச்ச பாங்க் ஆஃப் மதுரா, 2001-ல ஐசிஐசிஐ ஆச்சு. கரூர்ல 1926-ல பிறந்த லட்சுமி விலாஸ் வங்கிக்கு 2020 நவம்பர் 17-ல தடை: ஒருத்தர் 25,000 ரூபாய்க்கு மேல எடுக்க முடியாது. பத்தே நாள்ல, 27-ம் தேதி, டிபிஎஸ் வங்கியோட சேர்த்தாச்சு. பணம் தப்பிச்சது. ஆனா அந்தப் பத்து நாள், சம்பளம் கொடுக்கவேண்டிய ஒரு சின்ன முதலாளி எப்படித் தூங்கியிருப்பார்?

செல்போன் நம்பரை மாத்தாம கம்பெனியை மாத்தலாம்னு 2011-ல நாடு முழுக்க வந்தாச்சு. பேங்க் கணக்கு எண்ணுக்கு அந்த வசதி இன்னும் இல்லை. இங்கிலாந்துல 2013-லிருந்து ஏழு வேலை நாள்ல எல்லாத்தையும் அவங்களே மாத்தித் தர்றாங்க. நமக்கு எல்லாம் கைவேலைதான்.

அதனால மறுபடி போன் போட்டு சொன்னேன்: புதுக் கணக்கு திறந்ததும் பழசை மூடாதீங்க. ஜிஎஸ்டி பதிவுல புது எண்ணைச் சேருங்க. கல்லாப்பெட்டி மேல ஒட்டின க்யூஆர் ஸ்டிக்கரை மாத்துங்க. தவணை பிடிக்கிற கம்பெனிக்கெல்லாம் சொல்லுங்க. முக்கியமா, கொடுத்த செக் எல்லாம் பாஸ் ஆகட்டும். கணக்கை மூடினதால செக் திரும்பினாலும் 138-வது பிரிவுல கேஸ் பாயும்.

கொஞ்ச நேரம் பேச்சே இல்ல.

"கம்பி கம்பெனிக்கு ரெண்டு செக் குடுத்து வச்சிருக்கேன்பா. நாளைக்கு மூடலாம்னு லெட்டர் எழுதி சட்டைப்பையில வச்சிருந்தேன்."

நல்லவேளை. பயம்னு நான் சிரிச்சது, இருபத்தஞ்சு வருஷ அனுபவம் போல. இப்போ ரெண்டு கணக்கும் ஓடுது. லெட்டர் இன்னும் சட்டைப்பையிலதான்.