குரலை மறந்த இசைத்தட்டு

ஜமைக்காவின் ஸ்பானிஷ் டவுனில் ரட்டி ரெட்வுட் என்பவர் ‘சவுண்ட் சிஸ்டம்’ நடத்திவந்தார். தாமிரபரணிக் கரைக் கிராமங்களில் சுடலைமாடன் கொடைக்குக் கட்டும் மைக் செட் மாதிரிதான் அதுவும்: பெரிய பெரிய ஸ்பீக்கர் பெட்டிகள், ஆம்ப்ளிஃபயர், அடுக்கடுக்காய் இசைத்தட்டுகள், சுற்றிலும் ஊர் ஜனம். அடுத்த செட்டுக்காரரிடம் இல்லாத பாட்டு இருந்தால்தான் கூட்டம் கலையாமல் நிற்கும். அதற்காக, கடைக்கு வராத பாட்டுகளை ஸ்டுடியோவில் தனித் தட்டாக வெட்டி வாங்கிவருவார்கள். 1968 வாக்கில் அப்படி ஒரு தட்டுக்காகத்தான் ரெட்வுட் கிங்ஸ்டனுக்குப் போனார். கிடைத்ததோ வேறு.

ஸ்டுடியோ, முன்னாள் போலீஸ்காரர் டியூக் ரீடுடையது. கீழே மதுக்கடை, மேலே ஒலிப்பதிவுக்கூடம். பாரகான்ஸ் குழுவின் ‘ஆன் தி பீச்’ பாட்டை வெட்டிக்கொண்டிருந்த பொறியாளர் பைரன் ஸ்மித், குரல் பதிவாகியிருந்த டிராக்கைத் திறக்க மறந்துவிட்டார். தவறு தெரிந்து நிறுத்தப் போனபோது, “ஓடட்டும்” என்று ரெட்வுட் தடுத்ததாகச் சொல்வார்கள். பாடகர்கள் இல்லாத பாட்டோடு ஊர் திரும்பினார். கூட்டம் ஆடுமா, அடிக்க வருமா?

முதலில் குரலோடு உள்ள பாட்டைப் போட்டார். அடுத்தது ஊமைத் தட்டு. விட்டுப்போன குரலைக் கூட்டமே பாடி நிரப்பியது. திரும்பத் திரும்பப் போடச் சொன்னது. விஷயம் பரவியதும், தட்டின் மறுபக்கத்தில் அதே பாட்டின் வெறும் இசையைப் பதிப்பது வழக்கமாயிற்று. இன்னொரு பாட்டைப் பதிவுசெய்யும் செலவும் மிச்சம். முதலாளிகளுக்கு அந்த லாபமே போதுமானதாக இருந்தது. ரேடியோ ரிப்பேர்காரர் ஒருவருக்குப் போதவில்லை.

‘கிங் டப்பி’ என்கிற ஆஸ்பர்ன் ரடக் அதே ஸ்டுடியோவில் தட்டு வெட்டியவர். 1970களின் தொடக்கத்தில் பழைய நாலு டிராக் மிக்ஸிங் கன்சோல் ஒன்றை வாங்கி வீட்டில் வைத்தார். குளியலறை, குரல் பதிவு அறையானது. அடுத்தவர்களின் பதிவை ஓடவிட்டு கிதாரைச் சட்டென்று அறுப்பார். டிரம்ஸும் பேஸும் மட்டும் நடைபோடும். பாதிச் சொல்லில் குரலைப் பிடித்து எக்கோவுக்குள் தள்ளுவார். அது சுழன்று சுழன்று தேயும். ஒரு வாத்தியத்தையும் தொடாமலே பிறர் பாட்டைத் தன் பாட்டாக்கினார். இந்த வித்தைக்கு ஏழு அங்குலத் தட்டில் இடம் போதாது என்பது நியூயார்க்கில்தான் தெரியவந்தது.

அங்கே, 1970களின் நடுவில், நடனப் பாட்டுகளை மிக்ஸ் செய்துவந்த டாம் மோல்டன் ஒரு பாட்டை வெட்டக் கொண்டுபோனபோது ஏழு அங்குல வெற்றுத் தட்டுகள் தீர்ந்துபோயிருந்தன. பொறியாளர் ஹோசே ரோட்ரிகஸ் பத்து அங்குலத் தட்டை எடுத்தார். வரிப்பள்ளங்களை அகலப் பரப்பியதில் ஒலி அதிர்ந்தது. அடுத்து பன்னிரண்டு அங்குலம். 1976இல் ‘டென் பர்சென்ட்’ என்ற பாட்டை டி.ஜே. வால்டர் கிப்பன்ஸ் பத்து நிமிடத்தை நெருங்குமளவு நீட்ட, அது அந்த அளவில் கடைக்கே வந்தது. நடன அரங்கின் இந்தப் பழக்கம் அடுத்து நுழைந்த இடத்தை யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

ஸ்டீவ் ரைக், 1965இல் இரண்டு டேப் ரெக்கார்டர்கள் தாமாகவே வேகம் பிசகியதைக் கேட்டு, அந்தப் பிசகையே இசையாக்கிய சோதனை இசையமைப்பாளர். 1999இல் அவருடைய படைப்புகளைக் கோல்ட்கட், கென் இஷீ போன்ற மின்னிசைக் கலைஞர்கள் பிரித்து மாற்றிக் கோத்தார்கள். ஆல்பத்தின் பெயர் ‘ரைக் ரீமிக்ஸ்ட்’.

ரீமிக்ஸ் தமிழ் சினிமாவுக்கும் வந்தது. இளையராஜா 1983இல் ‘அடுத்த வாரிசு’க்குப் போட்ட ‘ஆசை நூறு வகை’யை 2003இல் ‘குறும்பு’க்காக மகன் யுவனே மாற்றிப் போட்டார். அடுத்த ஆண்டு, நெல்லைச் சீமையின் வாசுதேவநல்லூரில் பிறந்த எஸ்.ஜே.சூர்யாவின் ‘நியூ’வில், ‘படகோட்டி’க்கு வாலி எழுதிய பாட்டொன்றுக்கு ரகுமான் புது வடிவம் தந்தார். பழைய பாட்டைக் கெடுக்கிறார்கள் என்று ரசிகர்கள் சிலர் கொதித்தார்கள். பாட்டு எப்போது முடிகிறது என்று தீர்மானிக்கும் உரிமையை ஆடும் கூட்டம் பறித்துக்கொண்டு அதற்குள் 35 ஆண்டுகள் ஆகியிருந்தன.